சிறைச்சொல் காட்டும் அந்தஸ்து



‘மாமியார் வீடு’, ‘களி தின்பது’, ‘கம்பி எண்ணுவது’ என்று சிறைவாசத்தை நாம் கேலியாகக் குறிப்பிடுகிறோம். இவை வெளியில் இருப்போரின் சொற்கள். மதிலுக்குள் இருப்போருக்கு வேறு சொற்கள் உண்டு. யார் மேல், யார் கீழ் என்பதை அவையே அளந்து வைக்கின்றன.

அமெரிக்கச் சமூகவியலாளர் கிரஷாம் சைக்ஸ், நியூஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் சிறையை ஆராய்ந்து 1958இல் ஒரு நூல் வெளியிட்டார். அங்கே காட்டிக் கொடுப்பவன் ‘எலி’. பலவந்தமாகப் பறிப்பவன் ‘கொரில்லா’. இனாமாகத் தர வேண்டியதை விலைக்கு விற்பவன் ‘வியாபாரி’. துன்பத்தைப் பொறுத்து, உடனிருப்போருக்குத் துரோகம் செய்யாதவன் ‘உண்மையான ஆள்’. உள்ளே சக கைதியிடம் ஒருவன் நடந்துகொள்ளும் விதமே அவனுக்குப் பெயரைத் தேடித் தந்தது. பூட்டிய அறைக்குள்ளும் நாணயத்திற்கு மதிப்பு இருந்திருக்கிறது!

நம் நாட்டிலோ அரசே தரம் பிரித்துப் பெயர் சூட்டியது. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தமான் செல்லுலார் சிறையில், கைதிகளுள் சிலரே மற்றவரைக் கண்காணிக்க நியமிக்கப்பட்டு டிண்டல், பெட்டி ஆபீசர், ஜமேதார் எனப் பட்டம் பெற்றனர். 1930இல் ஏ, பி, சி என்ற வகுப்புகள் வந்தன. படிப்பும் அந்தஸ்தும் வசதியான வாழ்க்கைப் பழக்கமும் உடையவர் மேல் வகுப்புக்குச் சென்றார். ஏழை ‘சி கிளாஸ்’ ஆனார். சாதியும் சிறைக்குள் நுழைந்தது. துப்புரவு வேலையைக் குறிப்பிட்ட சாதியாருக்கு ஒதுக்கிய சிறை விதிகள் செல்லாவென்று 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது; கைதிகளின் பதிவேட்டில் சாதியைக் குறிக்கும் பத்தியையும் நீக்கச் சொன்னது.

‘கைதி’ என்ற சொல், விலங்கைக் குறிக்கும் ‘கைத்’ என்னும் அரபுச் சொல்லிலிருந்து வந்தது. விலங்கு கழன்ற பின்னும் சொல் கழல்வதில்லை. கடலூர் கேப்பர் மலை மத்திய சிறையில் தண்டனை முடித்து எங்கள் குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒருவர் திரும்பினால், ‘ஜெயிலுக்குப் போனவன்’ என்று தெருவே பெயர் வைத்துவிடுகிறது. அவர் வேலை கேட்கும்போதும், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கும்போதும் அச்சொல்லே முந்திக்கொண்டு போய் நிற்கிறது. நீதிமன்றம் விதித்த தண்டனைக்கு முடிவு தேதி உண்டு; நாம் விதிப்பதற்கு உண்டா?

பட்டப்பெயர் சூட்டி அழைப்பதை அல்குர்ஆன் (49:11) தடுத்திருப்பதை அறிவோம். சிறையில் தம்முடன் இருந்த இருவரையும் நபி யூசுப் (அலை) அவர்கள் தோழர்களாகவே விளித்ததையும் அதே திருமறை கூறுகிறது. ஆகவே, திரும்பி வந்தவரைப் பிள்ளைகள் முன்னிலையில் அவருடைய பெயர் சொல்லி, உறவுமுறை சொல்லி அழைப்போமாக!