நோயாளியுடன் குடும்பமும்

மனநோயால் வாடும் ஒருவரை அழைத்து வரும் உறவினர் பலர், தாழ்ந்த குரலில் எம்மிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "நாங்கள்தான் காரணமா, டாக்டர்?"

இல்லை. மனச்சிதைவு நோயைக் குடும்பம் உண்டாக்குவதில்லை. ஆயினும், வீடு திரும்பியவரின் நலம் நீடிப்பதில் வீட்டுச் சூழலுக்குப் பங்குண்டு. ஓயாத குறைகூறல், வெறுப்பு, எல்லை மீறிய கவலை ஆகியவை மிகுந்த வீடுகளில் நோய் மீளும் வாய்ப்பு கூடுதல் என்பதை லண்டனில் ஜார்ஜ் பிரவுனும் அவருக்குப் பின்வந்தோரும் ஆய்ந்து காட்டினர்.

1950களில், அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர் வளாகத்திலேயே கூடாரங்கள் அமைத்து, உறவினரை நோயாளியுடன் தங்கச் செய்தார். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் உறவினர் உடன் தங்கும் முறையைக் கைக்கொண்டது. நோயைக் கண்ணெதிரே புரிந்துகொண்ட குடும்பமே வீட்டில் மருந்தாளும் துணையுமாகிறது.

சமூகப்பணியாளர் நடத்தும் குடும்ப அமர்வில் குற்ற விசாரணை இல்லை. நண்பகல் வரை படுத்திருக்கும் மகனைத் தந்தை "சோம்பேறி" என்கிறார். அது நோயின் அறிகுறியாகவோ மருந்தின் மயக்கமாகவோ இருக்கலாம் என அங்கே விளக்குகிறோம். "பத்து மணிக்குச் சேர்ந்து காபி அருந்துவோம்" என்று அவர் அழைப்பதே முதல் மாற்றம்.

இரவும் பகலும் காவலிருக்கும் தாய்க்கும் ஓய்வு வேண்டும்; பொறுப்பை வீட்டார் பகிர்ந்துகொள்ள வேண்டும். அடுத்த முறை வரும்போது வீட்டாரில் இன்னும் ஒருவரை உடன் அழைத்து வாருங்கள்.