பூட்டை இழுத்துப் பார்ப்போம்

கோடை விடுமுறையில் வீட்டைப் பூட்டிவிட்டுச் சொந்த ஊருக்குப் புறப்படும் குடும்பத்தார், பூட்டு விழுந்ததா என்று ஒரு முறைக்கு இரு முறை இழுத்துப் பார்த்த பின்னரே படியிறங்குவர். பூட்டுப் போட்டிருக்கிறோம் என்னும் நம்பிக்கை வேறு. பூட்டுப் பிடித்திருக்கிறது என்னும் உறுதி வேறு. இந்த வேறுபாட்டை நம் பெரியோர் நன்கு உணர்ந்திருந்தனர். ஆனால், நம்முடைய பெயரும் முகவரியும், வங்கிக் கணக்கும் மருத்துவக் குறிப்பும் அடங்கியுள்ள கணினிப் பெட்டகங்களின் பூட்டை இழுத்துப் பார்ப்போர் இன்று எத்தனை பேர்? அவ்வாறு இழுத்துப் பார்க்கும் முறையை நேயர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது பெரிய நிறுவனங்களின் கவலை, நமக்கென்ன என்று எண்ணிவிடுதல் ஆகாது. பிற மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் விவரங்கள் எங்கெல்லாம் தொகுக்கப்பட்டுள்ளன என்று சற்றே சிந்தியுங்கள். சங்கங்களின் உறுப்பினர் பட்டியல், குருதி வகைக் குறிப்பு, திருமணத் தகவலுக்காகக் கொடுத்த ஜாதகம், பிள்ளைகள் பயிலும் பள்ளியின் பதிவேடு, குடியிருப்புச் சங்கத்தின் கணக்கு, நம்மவர் நடத்தும் கடைகளின் பற்று வரவு ஆகிய யாவும் ஒரு காலத்தில் மர அலமாரியில் இருந்தன. இன்று கணினியில் உள்ளன. அலமாரியைத் திருட வருபவன் வீட்டு வாசலுக்கு வந்தாக வேண்டும். கணினியைத் திருட வருபவனோ உலகின் எம்மூலையிலிருந்தும் வரலாம்.

பெட்டகமும் வாயிலும்

பெருந்தொகையான விவரங்களை ஒழுங்குபடுத்திச் சேர்த்து வைத்து, கேட்டவுடன் எடுத்துத் தரும் கணினியை டேட்டாபேஸ் சர்வர் என்பர். நாம் அதனைத் தரவுத்தளக் கணினி என்று வழங்குவோம். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எஸ்க்யூஎல் சர்வர் முதலியன இப்பணிக்குரிய மென்பொருள்களுள் புகழ் பெற்றவை.

வலையமைப்பில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் 1 முதல் 65,535 வரை எண்ணிடப்பட்ட வாயில்கள் உண்டு. இவற்றைப் போர்ட் என்று அழைப்பர். மைஎஸ்க்யூஎல் வழக்கமாக 3306ஆம் வாயிலிலும், போஸ்ட்கிரெஸ் 5432ஆம் வாயிலிலும், எஸ்க்யூஎல் சர்வர் 1433ஆம் வாயிலிலும், ஆரக்கிள் 1521ஆம் வாயிலிலும் காத்து நிற்கும். இவ்வெண்கள் யாவும் ஊரறிந்தவை. வாயிலுக்கு வந்து நிற்பவரிடம் தரவுத்தளம் கேட்பது இரண்டே: பயனர் பெயர் யாது? கடவுச்சொல் யாது? வேறு காவல் எதுவும் அமைக்கப்படாத இடத்தில், இவ்விரு விடைகளும் சரியாக இருப்பின் கதவு திறந்துவிடும். ஆதலின், பெட்டகத்தின் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு சொல்லின் மீதே நிற்கிறது.

மாற்றப்படாத சாவிகள்

கடையில் வாங்கிய பூட்டுடன் ஒரு சாவி வருவதைப் போல, தரவுத்தள மென்பொருளுடனும் சில பெயர்களும் கடவுச்சொற்களும் முன்பெல்லாம் சேர்ந்தே வந்தன. ஆரக்கிள் நிறுவனத்தின் தொடக்க கால ஊழியர்களுள் ப்ரூஸ் ஸ்காட் என்பவர் ஒருவர். அவர் பெயராலேயே ‘ஸ்காட்’ என்ற மாதிரிக் கணக்கு ஒன்று அமைக்கப்பட்டது. அதன் கடவுச்சொல் ‘டைகர்’. அஃது அவர் வீட்டுப் பூனையின் பெயராகும். பயிற்சிக்கென வைக்கப்பட்ட இக்கணக்கு, உண்மையான பணி நடக்கும் கணினிகளிலும் நீக்கப்படாமல் பல்லாண்டு தங்கிவிட்டது. அப்பூனையின் பெயரை அறிந்திராத கணினித் திருடன் இல்லை என்று கூறின் மிகையாகாது.

எஸ்க்யூஎல் சர்வரில் ‘எஸ்.ஏ.’ என்றொரு தலைமைக் கணக்கு உண்டு. பழைய பதிப்புகளில் அதற்குக் கடவுச்சொல்லே இல்லாமல் விட்டுவிட இடமிருந்தது. பலர் அவ்வாறே விட்டனர். 2002ஆம் ஆண்டு மே மாதம் ஸ்பைடா என்னும் கணினிப் புழு ஒன்று தோன்றி, 1433ஆம் வாயிலைத் தேடித் தேடித் தட்டி, கடவுச்சொல் இல்லாத தலைமைக் கணக்குகள் வழியே உள்ளே நுழைந்து பரவியது. அப்புழு எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. பூட்டப்படாத கதவுகளை மட்டுமே தள்ளித் திறந்தது.

இதற்கு 15 ஆண்டுகள் கழித்தும் உலகம் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2017ஆம் ஆண்டு சனவரியில், கடவுச்சொல் கேட்காத நிலையில் இணையத்திற்குத் திறந்து கிடந்த மாங்கோடிபி தரவுத்தளங்கள் ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன. விவரங்களை அழித்துவிட்டு, பணம் தந்தால் திருப்பித் தருவதாக ஒரு சீட்டை மட்டும் விட்டுச் சென்றனர் கொள்ளையர். அவர்களுட் பலர் நகல் எடுத்து வைக்கவேயில்லை. பணம் கொடுத்தவர்களுட் சிலர் பணத்தையும் இழந்து தரவையும் இழந்தனர்.

மனிதர் தேர்ந்தெடுக்கும் சொற்கள்

கடவுச்சொல் இருந்தால் மட்டும் போதுமா? போதாது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிஸ், கென் தாம்சன் ஆகிய இருவரும் 1979ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டனர். பயனர்கள் தாமாகத் தேர்ந்தெடுத்த 3,289 கடவுச்சொற்களை அவர்கள் ஆராய்ந்தனர். அவற்றுள் 2,831, அதாவது நூற்றுக்கு 86, மிகக் குறுகியனவாகவோ அகராதியில் காணக் கூடியனவாகவோ இருந்தன.

இதில் வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. அதே மோரிசின் மகனான ராபர்ட் டாப்பன் மோரிஸ், 1988ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் இணையத்தில் ஒரு புழுவை விடுவித்தார். அது கணினிகளில் புகுவதற்குக் கையாண்ட வழிகளுள் ஒன்று, 432 சொற்கள் கொண்ட ஒரு சிறு பட்டியலை வைத்துக் கடவுச்சொற்களை ஊகிப்பது. தந்தை ஏட்டில் எழுதிய எச்சரிக்கையை மகனின் செயல் உலகறிய மெய்ப்பித்துவிட்டது.

கணக்கொன்று பார்ப்போம். ஆங்கிலத்தின் 26 சிறிய எழுத்துக்களைக் கொண்டு எட்டெழுத்துச் சொற்களை அமைத்தால் 20,880 கோடிக்கு மேல் வரும். வினாடிக்கு 100 வீதம் முயன்றாலும் அனைத்தையும் முயன்று முடிக்க ஏறத்தாழ 66 ஆண்டுகள் ஆகும். ஆயினும், மனிதர் அடிக்கடி வைக்கும் 10,000 சொற்களின் பட்டியல் ஒன்று கையில் இருப்பின், அதே வேகத்தில் 1 நிமிடம் 40 வினாடியில் முயன்று முடித்துவிடலாம். நம் சொல் அப்பட்டியலுள் இருக்குமாயின், அந்த 66 ஆண்டுக் காவல் இரண்டு நிமிடங்கூட நில்லாது.

என்மேப் செய்யும் பணி

இவ்வலிமையைச் சோதித்தறியப் பயன்படும் கருவிகளுள் என்மேப் என்பது பெரிதும் வழங்குவது. கார்டன் லயன் என்னும் அமெரிக்கர் 1997ஆம் ஆண்டு இதனை உருவாக்கி வெளியிட்டார். வலையமைப்பிலுள்ள கணினிகளை ஒவ்வொன்றாக அணுகி, எவ்வெவ் வாயில்கள் திறந்துள்ளன, எவை மூடியுள்ளன, எவற்றின் முன் காவல் நிற்கிறது என்று இக்கருவி பட்டியலிட்டுத் தரும். பின்னாளில், லுவா என்னும் கணினி மொழியில் எழுதப்பட்ட சிறு நிரல்களை அதனுடன் சேர்த்து இயக்கும் வசதியும் ஏற்பட்டது. தரவுத்தளச் சோதனைக்குரிய நிரல்களும் அவற்றுள் அடங்கும்.

சோதனை படிப்படியாக நடைபெறும். முதலாவது, தரவுத்தளம் எந்தெந்தக் கணினியில், எந்த வாயிலில் உள்ளது என்று கண்டறிதல். பல அலுவலகங்களில் யாரோ என்றோ பயிற்சிக்காக நிறுவி மறந்துபோன தரவுத்தளம் ஒன்று வெளிப்படுவது இப்படியில்தான். இரண்டாவது, கடவுச்சொல் இன்றியே திறக்கும் கணக்குகள் உளவா என்று பார்த்தல். மூன்றாவது, பெயர்ப் பட்டியல் ஒன்றையும் சொற்பட்டியல் ஒன்றையும் கொடுத்து, அவற்றை மாற்றி மாற்றி முயலச் செய்தல். திறந்துவிட்ட கணக்கு எதுவோ அதனைக் கருவி குறித்துக் காட்டும்.

இங்கு நம்மவர் கருதத் தக்க செய்தி ஒன்றுண்டு. கருவியுடன் வரும் சொற்பட்டியல் பெரும்பாலும் மேலைநாட்டார் வழக்கத்தை ஒட்டியது. நம் குடும்பங்களில் கடவுச்சொல்லாக வைக்கப்படுவன குலதெய்வத்தின் பெயர், சொந்த ஊரின் பெயர், பேரக் குழந்தையின் செல்லப் பெயர், வண்டியின் எண் ஆகியவையே. நம்மை அறிந்தவன் முதலில் ஊகிப்பதும் இவற்றையே. எனவே, சோதிப்பவர் தம் பட்டியலில் சங்கத்தின் பெயரையும், அது தொடங்கிய ஆண்டையும், பழனி, திருச்செந்தூர் முதலிய ஊர்ப் பெயர்களையும், முருகன், மீனாட்சி முதலிய தெய்வப் பெயர்களை எண்களுடன் சேர்த்தும் எழுதிக் கொள்ளல் வேண்டும். இல்லையேல், சோதனை நடந்தது என்ற மனநிறைவு மட்டுமே மிஞ்சும்.

மற்றொன்றும் நினைவில் நிற்க வேண்டும். பட்டியலிலுள்ள எச்சொல்லுக்கும் கதவு திறக்கவில்லையெனில், கடவுச்சொல் அப்பட்டியலில் இல்லை என்பதுதான் பொருள்; அது வலிமையுடையது என்று அதனாலேயே துணிந்துவிட இயலாது.

அனுமதியும் எச்சரிக்கையும்

நம் வீட்டுப் பூட்டை நாம் இழுத்துப் பார்த்தல் விழிப்புணர்வு. அயல் வீட்டுப் பூட்டை நள்ளிரவில் இழுத்துப் பார்த்தல் வேறு. பெங்களூர், ஐதராபாத், புனே முதலிய நகரங்களில் கணினித் துறையில் பணியாற்றும் நம் இளைஞர்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ள வேண்டுகிறோம். 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஆம் பிரிவு, உரியவரின் அனுமதியின்றிக் கணினியுள் புகுவோர் இழப்பீடு தர வேண்டியவர் என்கிறது. அதே செயலை நேர்மையற்ற நோக்கத்துடனோ வஞ்சகமாகவோ செய்தால், 66ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறையோ, 5 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். ஆகவே, எந்தக் கணினிகள், எந்த நாள், எந்த நேரம், யார் சோதிப்பவர் என்று எழுத்து மூலம் அனுமதி பெற்ற பின்னரே சோதனையைத் தொடங்குதல் வேண்டும். வாய்மொழியான இசைவு போதாது.

தொழில் முறையிலும் எச்சரிக்கை தேவை. சில தரவுத்தளங்கள், தவறான கடவுச்சொல் பன்முறை தரப்பட்டால் அக்கணக்கையே பூட்டிவிடும். மாதக் கடைசியில் சம்பளம் போடும் நேரத்தில் இவ்வாறு நேர்ந்தால், திருடன் செய்யக் கூடிய தீங்கைக் காவலனே செய்தவனாவான். ஆதலின், பணி குறைந்த நேரத்தைத் தேர்ந்து, நகல் ஒன்றை எடுத்து வைத்து, மெதுவாக முயலுதலே முறை. தரவுத்தளத்தின் நிகழ்வுப் பதிவேட்டையும் அப்போதே பார்த்தல் நலம். இத்தனை முறை கதவைத் தட்டியும் பதிவேட்டில் ஒன்றும் எழுதப்படவில்லையெனில், காவலன் உறங்குகிறான் என்பது தெளிவு.

சோதனைக்குப் பின்

சோதனை நோயை அறிவது. மருந்து அதன் பின்னரே. முதல் மருந்து, தரவுத்தள வாயிலை இணையத்திற்குத் திறந்து வையாதிருத்தல். அலுவலகத்திற்கு உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இரு முறை சோதித்தால், வெளியாருக்கு எவ்வளவு தெரிகிறது என்பது புலப்படும். இரண்டாவது, தேவையற்ற கணக்குகளை நீக்குதல். மூன்றாவது, எஞ்சிய கணக்குகளுக்கு நீண்ட கடவுச்சொல் அமைத்தல். தொடர்பில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்தமைத்தால் அது நினைவிலும் நிற்கும், ஊகத்திற்கும் எட்டாது. ஆனால், எல்லோரும் அறிந்த பாடலடியையோ பழமொழியையோ எடுத்தாளுதல் கூடாது. ஓரிடத்தில் வைத்த சொல்லை மற்றோரிடத்தில் வைத்தலும் கூடாது.

2023ஆம் ஆண்டு இயற்றப்பட்ட தனிநபர் எண்ணியல் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிறருடைய விவரங்களைத் தொகுத்து வைப்போர் தக்க காவல் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்க இடமளிக்கிறது. சட்டத்திற்கு அஞ்சி மட்டுமன்றி, நம்பித் தந்தவர்க்கு நாம் பட்ட கடன் என்று கருதியும் இக்காவலைச் செய்தல் வேண்டும்.

நேயர்களுக்கு எம் வேண்டுகோள் இதுவே. தாங்கள் சார்ந்துள்ள சங்கம், பள்ளி, குடியிருப்பு ஆகியவற்றின் அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்புங்கள். நம் விவரங்கள் எந்தக் கணினியில் உள்ளன? அதன் வாயில் வெளியாருக்குத் தெரிகிறதா? அதன் கடவுச்சொல்லைக் கடைசியாகச் சோதித்தவர் யார், எந்நாள்? கேட்பதற்குக் கணினிக் கல்வி தேவையில்லை. உறுப்பினர் என்னும் உரிமை ஒன்றே போதும். மூன்றாம் கேள்விக்கு விடை கிடைக்காத இடத்தில், அத்துறை அறிந்த நம் பிள்ளைகள், முறையான அனுமதியுடன், முன்வந்து அப்பணியை ஏற்பாராக. பொங்கல் விழாவிற்குப் பந்தல் போடுவதைப் போலவே இதுவும் சங்கத் தொண்டே என்பது எம் கருத்து.