மூக்கடைப்பும் கைமருந்தும்

மூக்கடைத்த பிள்ளை ‘அம்மா’ என்று அழைத்தால், கேட்பவர் காதில் அஃது ‘அப்பா’ என்பதுபோல் விழும். ‘மணி’ என்றால் ‘படி’ போல் ஒலிக்கும். தமிழாசிரியர்க்கு இதன் காரணம் புதிதன்று. ஒலி பிறப்பதற்கு இடமாவன எட்டு என வகுத்த தொல்காப்பியர், அவற்றுள் மூக்கையும் ஒன்றாக வைத்தார். மெல்லெழுத்து ஆறும் தத்தமக்குரிய இடங்களிற் பிறப்பினும் மூக்கின்வழி வரும் காற்றால் இசை பெறும் என்று பிறப்பியலில் விளக்கினார். அவ்வழி அடைபட்டால் மகரம் பகரத்தின் பக்கமும் ணகரம் டகரத்தின் பக்கமும் சாய்ந்துவிடும். ஆகவே, மாதக்கணக்காக வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு மெல்லினத்தை வல்லினம்போல் உச்சரிக்கும் மாணவனின் நாவைத் திருத்துமுன் அவன் மூக்கை விசாரிப்பது முறை.

விசாரித்தால் சிங்கப்பூரில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும்: “பையனுக்குச் சைனஸ், ஐயா.” தாய்க்கும் சைனஸ், பாட்டிக்கும் சைனஸ், அண்டை வீட்டாருக்கும் சைனஸ். சைனஸ் என்பது நோயின் பெயரன்று என்பதே பலர் அறியாத செய்தி. குழிவு, மடிப்பு என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் அது. முகத்தெலும்புகளுக்குள் காற்று நிரம்பிய புழைகள் நான்கு இணைகளாக உள்ளன: நெற்றியில் ஓரிணை, கன்னங்களில் ஓரிணை, இரு கண்களுக்கும் இடையில் சிற்றறைகளாக ஓரிணை, மூக்கின் பின்புறம் ஆழத்தில் ஓரிணை. இவையே சைனஸ்கள். எல்லார்க்கும் உள்ளவை. இவற்றின் உட்சவ்வு வீங்கி, வாய் அடைபட்டு, நீர் தேங்கி நிற்பதே நோய்.

இந்நோய்க்கு நம்மவர் வழங்கிய பெயர்களுள் ‘பீனிசம்’ வடமொழிப் ‘பீனஸ’த்தின் தமிழ் வடிவம். ‘நீர்க்கோவை’ என்பதோ தலையில் நீர் கோத்துக்கொள்ளுதலைக் குறிக்கும் அழகிய தமிழ்ச்சொல். நோயின் இயல்பையும் அது ஓரளவு சரியாகவே சொல்லிவிடுகிறது. கன்னத்துப் புழையை 1651-இல் விரிவாக எழுதியவர் ஹைமோர் என்னும் ஆங்கில மருத்துவர். அப்புழையின் வடிகால் அதன் அடியில் இல்லை. மேற்பகுதியில், கூரையை ஒட்டி இருக்கிறது. அடியில் ஓட்டையில்லாத தொட்டியில் மழைநீர் தேங்குவது போன்றதே இது. உட்சவ்விலுள்ள நுண்மயிர்கள் ஓயாமல் அசைந்து சளியை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டிருப்பதால்தான் அது வெளியேறுகிறது. சளி இறுகினாலும், நுண்மயிர்கள் சோர்ந்தாலும், வாயிலில் வீக்கம் கண்டாலும் வடிகால் நின்றுவிடும். கைமருந்துகள் ஒவ்வொன்றையும் நிறுத்துப் பார்ப்பதற்கு இந்த ஒரு செய்தி போதும்: சளியை இளக்குகிறதா, வீக்கத்தைத் தணிக்கிறதா, நுண்மயிர்களுக்கு ஊறு செய்யாமல் இருக்கிறதா என்று கேட்டால் விடை வந்துவிடும்.

மருந்தை நாடுமுன் நோயை அடையாளங்காண வேண்டும். சாதாரணத் தடுமனோடு வரும் புழையழற்சி பெரும்பாலும் நச்சுயிரியால் வருவது, தானே அடங்குவது. பெரியவர்களுக்கு வரும் தடுமன் நூற்றில் ஏறத்தாழ இரண்டுக்கு மேற்படாத அளவிலேயே பாக்டீரியாத் தொற்றாக முற்றுகிறது என்பர். சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் உடனே ஆன்டிபயாட்டிக் வேண்டும் என்பதும் தவறு. தொற்றை எதிர்த்துப் போராடும் வெள்ளணுக்களிலுள்ள ஒரு பொருளே அந்நிறத்தைத் தருகிறது. நச்சுயிரித் தடுமனிலும் அது தோன்றும்.

இனி, ஆண்டு முழுவதும் காலையில் எழுந்தவுடன் பத்துத் தும்மல், தெளிந்த நீராய் மூக்கொழுக்கு, கண்ணரிப்பு என்றிருப்பவர்க்குத் தொற்றே இருப்பதில்லை. அஃது ஒவ்வாமை. சிங்கப்பூரில் அதற்குத் தலையாய காரணம் வீட்டுத்தூசியில் வாழும் கண்ணுக்குத் தெரியாத உண்ணிகள். மிதவெப்ப நாடுகளில் மிகுதியாயுள்ள இனத்தைவிட, ‘புளோமியா டிராப்பிக்காலிஸ்’ என்னும் வெப்பமண்டல இனமே இங்கு ஓங்கி நிற்பதை இங்கு நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. ஈரக்காற்று அவற்றுக்கு அமுதம். தலையணையும் மெத்தையும் அவற்றின் குடியிருப்பு. இத்தகையவர் எத்தனை கஷாயம் குடித்தாலும், இரவில் மீண்டும் அதே தலையணையில் முகம் புதைத்தால் மறுநாள் பத்துத் தும்மல்தான். வாரந்தோறும் படுக்கை விரிப்பையும் உறையையும் 60 பாகை வெப்பமுள்ள நீரில் துவைப்பது இவர்க்கு மற்றெல்லாக் கைமருந்தினும் மேலானது. அதற்குக் கடையில் காசு கொடுக்க வேண்டியதில்லை. அதனால்தானோ என்னவோ ஒருவரும் அதனை மருந்தாக மதிப்பதில்லை.

கடைக்கு வருவோம். சிராங்கூன் சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் உள்ள மளிகைக் கடைகளில் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், மஞ்சள், பனங்கற்கண்டு ஆகியவற்றை வாங்கலாம். தேக்கா சந்தையில் துளசி கிடைக்கும். மலாயாத் தோட்டங்களில் லயத்தின் பின்புறம் கற்பூரவல்லி வளர்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டியில் அதனையே வளர்க்கின்றனர். ‘சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை’ என்ற பழமொழி கடல் கடந்தும் வாடவில்லை. சுக்கும் மிளகும் கலந்த சூடான கஷாயம் தொண்டைக்கு இதம். மிளகின் காரம் மூக்கிலிருந்து நீரை வடியச் செய்யும். உள்ளே செல்லும் நீரும் நன்று. இவ்வளவே அதன் வேலை. தொற்றை அது கொல்வதில்லை. கஷாயத்தில் தேன் சேர்ப்போர், ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுத்தலாகாது என்பதை மறத்தலாகாது. சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவதும் பெரியவர்க்குத் தலைவலியை மறக்கச் செய்யும். குழந்தைகளின் மெல்லிய தோலை அது புண்ணாக்கிவிடும்.

கைமருந்துகளுள் பெரும்புகழ் பெற்றது ஆவி பிடித்தல். இதற்கு ‘வேது பிடித்தல்’ என்ற நல்ல பெயர் உண்டு. இளையோர் நாவில் அது மறைந்து வருகிறது. நொச்சித் தழையோ கற்பூரவல்லியோ இட்டுக் கொதித்த நீரின்முன் போர்வையால் மூடிக்கொண்டு அமர்ந்தவர்க்கு உடனே ஓர் ஆறுதல் தோன்றுவது உண்மை. அந்த ஆறுதல் நோய்நீக்கமா என்பதே வினா. இங்கிலாந்தில் நெடுநாள் புழைத்தொல்லை உடைய 871 பேரைப் பிரித்து, சிலர்க்கு ஆவியும் சிலர்க்கு உப்புநீர்க் கழுவலும் சிலர்க்கு இரண்டும் அறிவுறுத்தி, மற்றவர்க்கு வழக்கமான மருத்துவத்தை மட்டும் தந்து ஆறு மாதம் வரை கவனித்தனர். முடிவு 2016-இல் கனடா மருத்துவக் கழக இதழில் வெளிவந்தது. ஆவி பிடித்தவர்க்குத் தலைவலி மட்டும் சற்றுக் குறைந்தது. வேறு பயன் காணப்படவில்லை. உப்புநீரால் கழுவியவர்க்கு மிதமான, ஆனால் நிலைத்த நன்மை இருந்தது.

ஆவியால் தீங்கில்லையே, பிடித்தால் என்ன எனலாம். தீங்கு ஆவியில் இல்லை, பாத்திரத்தில் இருக்கிறது. போர்வைக்குள் குழந்தை அசைந்தால் கொதிநீர் மடியில் கவிழும். 2020-இல் கொள்ளைநோய்க் காலத்தில் வீடுதோறும் ஆவி பிடிக்கத் தொடங்கியபோது, இங்கிலாந்தின் பர்மிங்காம் குழந்தைகள் மருத்துவமனையில் இவ்வாறு வெந்துபோய் வந்த பிள்ளைகளின் தொகை திடீரென உயர்ந்ததை அங்குள்ள மருத்துவர்கள் எழுதிவைத்தனர். பிள்ளைகளுக்கு வேது வேண்டா. பெரியவர்கள் பிடிப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய நீரை, அசையாத மேசைமேல் வைத்துப் பிடிக்கட்டும். வெந்நீரில் குளிக்கும்போது எழும் ஆவியே பலர்க்குப் போதுமானது.

தைலங்களின் கதை இன்னும் சுவையானது. 1893-இல் பம்பாயில் நாகேசுவர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சனம், இரங்கூனிலிருந்து வந்த ஆவ் உடன்பிறந்தார் இங்கே வளர்த்த டைகர் பாம், 1928-இல் சிங்கப்பூரிலேயே பிறந்து இலங்கைத் தமிழர் வீடுகள்வரை சென்ற கோடாலித் தைலம் ஆகிய எல்லாவற்றிலும், அளவு வேறுபடினும், மெந்தால் உண்டு. அதனை முகர்ந்தவுடன் மூக்கு திறந்தாற்போல் தோன்றும். கருவி வைத்து அளந்தவர்கள், காற்று செல்லும் வழி முன்பிருந்த அளவிலேயே இருக்கக் கண்டனர். குளிர்ச்சியை உணரும் நரம்பு வாயில் ஒன்றை மெந்தால் தட்டுகிறது. மூளை, குளிர்காற்று தாராளமாய் உள்ளே வருவதாக ஏமாறுகிறது. மெந்தாலைக் கொண்டே அவ்வாயிலைக் கண்டறிந்தவர்களுள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படப்பூட்டியன் ஆகிய இருவரும் உணர்வு வாயில்களைப் பற்றிய ஆய்வுகளுக்காக 2021-இல் நோபெல் பரிசு பெற்றனர். இந்த ஏமாற்றால் இரவில் தூக்கம் வருமானால் பெரியவர்க்கு நன்றே. கைக்குழந்தையின் மூக்கினருகில் மட்டும் தைலமோ கற்பூரமோ தடவுதல் கூடாது. கற்பூரம் வயிற்றுக்குள் சென்றால் வலிப்பு வரும்.

மீண்டும் உப்புநீருக்கு வருவோம். ஆய்வில் நின்று வென்றது அதுவே. மூக்கைத் தூய்மை செய்யும் ‘நேத்தி’யை ஹடயோகப் பிரதீபிகை ஆறு கிரியைகளுள் ஒன்றாகக் கூறுகிறது, ஆங்குச் சொல்லப்படுவது நூலை நுழைக்கும் முறை. கெண்டிபோன்ற பாத்திரத்தால் நீர் விடும் ஜலநேத்தியே இன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. செய்முறை எளிது. அரை லிட்டர் நீரை நன்றாகக் கொதிக்கவைத்து, மூடியபடியே இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவாக அயோடின் கலவாத உப்பைக் கரைத்துக்கொள்ள வேண்டும். எரிச்சல் தோன்றினால் அரைத் தேக்கரண்டி சமையல் சோடா சேர்க்கலாம். கழுவுதொட்டியின்மேல் குனிந்து, தலையை ஒருபுறம் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி மேல்நாசியில் மெல்ல ஊற்றினால் கீழ்நாசியின் வழியே வழியும். பின்னர் மெதுவாகச் சிந்த வேண்டும். ஓங்கிச் சிந்தினால் நீர் காதுப்பக்கம் ஏறும். காதுவலி உள்ளவர் அன்று இதனைச் செய்யலாகாது. பாத்திரத்தைக் கழுவி உலர வைத்தலும் செய்முறையின் பகுதியே.

‘நன்றாகக் கொதிக்கவைத்து’ என்ற இரண்டு சொற்களைப் பலர் தாண்டிச் செல்கின்றனர். சிங்கப்பூர்க் குழாய்நீர் குடிக்கத்தக்கது, பின் ஏன் கொதிக்கவைக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2011-இல் அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்தில் இருவர் குழாய்நீரைக் கொண்டே மூக்கைக் கழுவினர். அந்நீரிலிருந்த நெக்லேரியா என்னும் அமீபா மூளைக்குள் புகுந்தது, இருவரும் மாண்டனர். அதே நீரைக் குடித்திருந்தால் ஒன்றும் நேர்ந்திராது, வயிற்று அமிலம் அதனை அழித்துவிடும். மூக்கில் அத்தகைய காவல் இல்லை. மணமறியும் நரம்பு மெல்லிய எலும்புச் சல்லடையின் வழியே நேரே மூளைக்குச் செல்கிறது. இது மிக மிக அரிதான நோய்தான். ஆயினும் வந்தவருள் பிழைத்தவர் மிகச் சிலர். தடுக்கும் செலவோ ஒரு கெண்டி வெந்நீர்.

வேறு சில பழக்கங்களை ஒளிவுமறைவின்றி விலக்கவேண்டும். குளிப்பாட்டியபின் குழந்தையின் மூக்கில் எண்ணெய்விடும் வழக்கம் அவற்றுள் முதன்மையானது. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்கிய நிகழ்ச்சிகள் இந்திய மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. தும்பைச்சாறு, வெங்காயச்சாறு முதலியவற்றைப் பிழிந்து மூக்கில் விடுவதும் அவ்வாறே. புண்பட்ட சவ்வு மேலும் புண்படும். மஞ்சளைச் சுட்டுப் புகை பிடிப்பது நுண்மயிர்களுக்குப் பகை. 2013 சூன் திங்கள் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் புகைமூட்டக் குறியீடு 401-ஐ எட்டியபோது மூக்கும் கண்ணும் எரியாதவர் இலர். அத்தகைய புகையை வீட்டுக்குள் வலிந்து உண்டாக்குவானேன்? கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டுமருந்தையும் சில நாட்களுக்குமேல் விட்டால், மருந்தே அடைப்புக்குக் காரணமாகிவிடும்.

கைமருந்துக்கு எல்லை உண்டு. பத்து நாளாகியும் சிறிதும் குறையாமை, குறைந்து வந்த நோய் மீண்டும் கடுமையாதல், 39 பாகைக் காய்ச்சலோடு முகவலி மூன்று நான்கு நாள் நீடித்தல் ஆகிய மூன்றில் ஒன்று தோன்றினால் பலதுறை மருந்தகத்துக்குச் செல்ல வேண்டும். பன்னிரண்டு வாரம் கடந்த தொல்லையை மூக்கு மருத்துவர் பார்த்தாக வேண்டும். சளியில் அடிக்கடி இரத்தம், ஒரு காது மட்டும் அடைத்திருத்தல், கழுத்தில் கட்டி ஆகியவை தென்சீன மரபினரிடையே மிகுதியாய்க் காணப்படும் மூக்கடித்தொண்டைப் புற்றின் அறிகுறிகளாகவும் இருக்கக்கூடும். மற்றவர்க்கும் அது வருவதுண்டு.

நீரிழிவு உடையவர் இன்னும் விழிப்பாயிருத்தல் வேண்டும். சிங்கப்பூரில் அந்நோய் இந்தியரிடையே மிகுந்திருப்பது எல்லாரும் அறிந்ததே. 2021-இல் இந்தியாவில் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பற்றிய கரும்பூஞ்சை நோய் பெரும்பாலும் இந்த முகப்புழைகளிலேயே தொடங்கியது. அடங்காத நீரிழிவும் ஸ்டீராய்டு மருந்தும் அதற்கு வழி திறந்தன. பலர் வெறும் சைனஸ் என்றெண்ணிச் சில நாள் காத்திருந்தனர். அந்தச் சில நாளில் சிலர் கண்ணை இழந்தனர், சிலர் உயிரை இழந்தனர். ஒருபக்க முகவீக்கம், கன்னம் மரத்துப்போதல், மூக்கிலிருந்து கருநிறக் கசிவு, பல் ஆடுதல், இமை தாழ்தல், ஒரு பொருள் இரண்டாய்த் தெரிதல் ஆகிய இவற்றுள் ஒன்று கண்டாலும் அடுப்பில் நீர் வைக்கக் கூடாது. அன்றே, இரவாயினும், மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் சென்றுவிட வேண்டும்.