எடைக் குறைப்பின் இறுதிக்கட்டம்: ஊக்கம் தளராதிருக்க

உடல் எடையைக் குறைக்க முனைவோரின் பொறுமையை மிகவும் சோதிப்பது, குறைக்க வேண்டியதில் பெரும்பகுதி குறைந்து, இலக்கை எட்ட மூன்று நான்கு கிலோ மட்டுமே மீதமிருக்கும் இறுதிக்கட்டமாகும். அதே உணவுக் கட்டுப்பாடும் அதே நடைப்பயிற்சியும் தொடர்ந்தபோதிலும் எடை வாரக்கணக்கில் குறையாமல் நின்றுவிடுவதால், தமக்கு மன உறுதி போதவில்லை என்று நொந்துகொண்டு முயற்சியையே கைவிடுவோர் உண்டு. இந்தத் தேக்கத்தின் காரணம் பெரும்பாலும் உடலின் இயல்பான செயல்பாட்டிலேயே இருப்பதால், அதைப் புரிந்துகொள்வதே ஊக்கத்தைக் காத்துக்கொள்வதற்கு முதல் வழியாகும்.

தொடக்க வாரங்களில் எடை விரைவாகக் குறைவதற்கு நீரிழப்பும் ஒரு காரணம். கல்லீரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற வடிவில் மாவுச்சத்து சேமிக்கப்பட்டிருக்கிறது. அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் தேக்கி வைத்திருப்பதால், உணவு குறைந்து அந்த இருப்பு கரையும்போது நீரும் சேர்ந்து வெளியேறுகிறது. அதன்பின் குறைய வேண்டியது கொழுப்பு என்பதால் வேகம் தணிவது இயற்கையே.

இதற்கு மேல், மெலிந்த உடலுக்குத் தேவைப்படும் ஆற்றலும் குறைகிறது. மூச்சு, இதயத்துடிப்பு, உடல் வெப்பம் ஆகியவற்றுக்காக ஓய்வு நிலையிலும் செலவாகும் ஆற்றலை அடிப்படை வளர்சிதை மாற்றம் என்பர். எடை குறையக் குறைய இதுவும் குறைவதால், முன்பு எடையைக் குறைத்த அதே உணவு இப்போது அன்றாடத் தேவைக்குச் சரியாகிவிடுகிறது. 1994-இல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் கண்டறிந்த லெப்டின் என்னும் ஹார்மோன், கொழுப்புத் திசுவில் சுரந்து, உடலில் உள்ள கொழுப்பின் இருப்பை மூளைக்கு உணர்த்துகிறது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைய, மூளை அதைப் பற்றாக்குறையாகக் கொண்டு பசியைக் கூட்டுகிறது. இரைப்பையில் சுரந்து பசியைத் தூண்டும் கிரெலினும் அதிகரிக்கிறது. எடை குறைத்தவர்களிடம் இம்மாற்றங்கள் ஓராண்டு கழிந்த பின்னும் நீடித்ததை மெல்பர்ன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்டனர். எனவே இறுதிக்கட்டத்தில் எழும் கூடுதல் பசியை ஒழுக்கக் குறைவாகக் கருதித் தம்மைத்தாமே பழித்துக்கொள்வது பொருந்தாது.

மனத்தின் நிலையும் இக்கட்டத்தில் மாறுகிறது. தொடக்கத்தில் வாரந்தோறும் குறைந்த எடையும், தளர்ந்த உடைகளும், சுற்றத்தாரின் பாராட்டும் ஊக்கம் தந்தன. இறுதியில் இவை மூன்றும் அருகிவிடுவதால், முன்னேற்றத்தை அளக்கும் அளவுகோலையும் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது. உடலில் தங்கும் நீரும் உணவின் உப்பும் எடையை நாளுக்கு நாள் கூட்டியும் குறைத்தும் காட்டுவதால், ஒரு நாளின் எண்ணைவிட வாரச் சராசரியே நம்பத்தக்கது. இடுப்புச் சுற்றளவு (இந்திய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்ற வரம்புக்குள் இருப்பது நல்லது), இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, மூச்சிரைக்காமல் படியேறும் திறன் ஆகியனவும் எடையுடன் சேர்த்துக் கவனிக்கத்தக்கவை.

எடை அசையாத காலத்திலும் நல்ல பழக்கம் பலன் தருகிறது என்பதற்குச் சென்னையிலேயே சான்று உண்டு. நீரிழிவின் முன்நிலையில் இருந்த 531 பேரைக் கொண்டு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், மூன்றாண்டுகளில், வழக்கம்போல் வாழ்ந்தோரில் நூற்றுக்கு 55 பேருக்கும், உணவையும் உடலுழைப்பையும் சீர்ப்படுத்தியோரில் நூற்றுக்கு 39 பேருக்கும் நீரிழிவு ஏற்பட்டது. இத்தனைக்கும் இரண்டாம் பிரிவினரின் எடை குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை.

நடைமுறையில் முதலில் செய்யத்தக்கது, ஒரு வாரத்திற்கு உண்பவை அனைத்தையும் எழுதிப் பார்ப்பதாகும். மாதங்கள் செல்லச் செல்லத் தாளிப்பில் கூடும் எண்ணெயும், மாலைக் காப்பியுடன் சேரும் வடையும், சமைக்கும்போது ருசி பார்ப்பதும் கணக்கிலிருந்து நழுவிவிடுகின்றன. எடையுடன் தசையும் ஓரளவு கரைவதால், பருப்பு, சுண்டல், முட்டை, மீன், தயிர் ஆகியவற்றால் புரதத்தைக் காப்பதும், உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதுபோல் வாரத்திற்கு 150 நிமிட மிதமான உடலியக்கத்துடன் இரண்டு நாளேனும் தசை வலுவூட்டும் பயிற்சி செய்வதும் அவசியம். விரைவில் முடிக்கும் ஆவலில் வேளை உணவைத் தவிர்த்துப் பட்டினி கிடப்பது, பின்னர் அளவுமீறி உண்ணத் தூண்டும்.

இலக்கையே மறு ஆய்வு செய்வதும் அறிவுடைமையே. கிலோவில் கண்ட எடையை, மீட்டரில் கண்ட உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் உடல் நிறை குறியீட்டெண் கிடைக்கும். அது இந்தியர்களுக்கான வரம்பாகிய 23-க்குக் கீழ் வந்து, பரிசோதனை முடிவுகளும் சீராக இருப்பின், எஞ்சிய இரண்டு கிலோவைக் குறைத்தே ஆக வேண்டுமா என்பதை மருத்துவருடன் கலந்து முடிவு செய்யலாம். குறைந்த எடை மீண்டும் ஏறாமல் நிற்கும் ஒவ்வொரு மாதமும் வெற்றிக்குரிய மாதமே. ஆகவே கடைசிக் கிலோக்களைக் கெடு வைத்துத் துரத்தாமல், இலக்கை அடைந்த பின்னும் மனக்கசப்பின்றித் தொடரக்கூடிய உணவையும் உழைப்பையும் இக்கட்டத்திலேயே நிலைப்படுத்திக்கொள்வதே எடை குறைப்போர் மேற்கொள்ள வேண்டிய வழியாகும்.