என்ஜின் உட்கார ஒரு நாற்காலி!

'மவுண்ட்' என்றால் எனக்குத் தெரிந்ததெல்லாம் மவுண்ட் ரோடுதான். (பி.காம். படித்தவனிடம் இதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்!) அப்படிப்பட்ட என்னை, "மவுண்டிங் உடைஞ்சு போச்சு, வாடா" என்று சேலத்தில் ஒரு லாரிப் பட்டறைக்கு இழுத்துப் போனான் பாங்க் நண்பன்.

அவன் அப்பாவுக்கு ஏற்காட்டில் கொஞ்சம் காபி, கொஞ்சம் மிளகு. தோட்டத்துக்குள் மூட்டை சுமக்க மஹிந்திராவின் பழைய எஃப்சி-150 டிரக். மூக்கே இல்லாத வண்டி. என்ஜின், டிரைவருக்கும் பக்கத்து சீட்டுக்கும் நடுவே மூடி போட்டுக்கொண்டு மூன்றாவது பயணியாக உட்கார்ந்திருக்கும். அது பெட்ரோல் குடித்த குடியில் வெறுத்துப்போன பெரியவர், பழைய மேடடார் வேனின் டீசல் என்ஜினை வாங்கி மாட்டச் சொன்னார். லேசுப்பட்டதல்ல, மெர்சிடிஸ் லைசென்ஸில் பஜாஜ் டெம்போ தயாரித்த ஓஎம்616, 2.4 லிட்டர்!

உள்ளூர் வெல்டர் ஒருவர் இரும்பு ஆங்கிளை வெட்டி, ஒட்டி, அரை நாளில் வேலையை முடித்துவிட்டார். மூன்றாவது மாதம், தோட்டத்து இறக்கத்தில் 'டணார்!' இடது மவுண்டிங் விட்டுப் போய், என்ஜின் சாய்ந்து, ஃபேன் ரேடியேட்டரைக் கடித்துக் குதறிவிட்டது. ஸ்டீயரிங்கில் பெரியவர். பின்னால் மூட்டைகள் மேல் நான்கு பேர். நல்லவேளை, பிரேக் பிடித்தது.

இது ஏற்காட்டுக்கு மட்டும் வந்த சோதனை இல்லை. 1971 டிசம்பரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸே சுமார் 67 லட்சம் செவர்லே வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டது. மவுண்டிங் பிய்ந்தால் என்ஜின் எழும்பி, ஆக்ஸிலரேட்டரை இழுத்துக்கொள்ளும். காலை எடுத்தாலும் வண்டி பறக்கும். கம்பெனி செய்த வைத்தியம்? என்ஜின் எழும்பாமலிருக்க ஒரு கம்பிக் கயிறு!

சேலத்து மேஸ்திரி உடைந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ஜினைக் கட்டிப் போட்டிருக்காங்க சார். உக்காரல்ல வெக்கணும்?"

"என்னண்ணே வித்தியாசம்?"

"மாட்டைக் கட்டுறதுக்கும் மாமனாரை உக்கார வெக்கிறதுக்கும் வித்தியாசம் இல்லீங்களா?"

பழைய பெட்ரோல் என்ஜின் உள்ளே வந்ததை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக அமுக்கும். இந்த டீசல், 21-ல் ஒரு பங்காக! ஒவ்வொரு வெடிப்பும் ஒரு உதை. இடையில் ரப்பர் இருந்தால் அது உதையை விழுங்கும். இரும்போடு இரும்பை ஒட்டிவிட்டால் வெல்டிங்தான் வாங்கிக் கட்டிக்கொள்ளும்.

மேஸ்திரி வெல்டிங் பக்கமே போகவில்லை. செயின் பிளாக்கில் என்ஜினைத் தொங்கவிட்டு ஒன்றரை நாள் அளவெடுத்தார். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் இடைவெளி. பள்ளத்தில் விழுந்தால் முன் ஆக்ஸில் எழும்பி ஆயில் சம்ப்பில் இடிக்குமா? பிறகு ரசமட்டத்தோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் உள்ள ஃபிளாஞ்சுகள் ஒரே சாய்வில் இருக்க வேண்டுமாம். இல்லாவிட்டால் வண்டி ஆடி ஆடியே ஜாயின்ட் கிராஸைத் தின்றுவிடும்.

அளவு திருப்தியானதும் என் பைக்குள்ளிருந்த கல்யாணப் பத்திரிகையைக் கேட்டார். வெட்டி, மடித்து, சேஸிஸில் வைத்துப் பார்த்து, அதே வடிவத்தில் 6 மி.மீ. பிளேட் அறுத்தார். (கல்யாணத்துக்கு நான் போகவில்லை. மண்டப விலாசம் மவுண்டிங் ஆகிவிட்டது!) அங்கங்கே பொட்டு வைத்த மாதிரி ஒட்டி, பொருத்தம் பார்த்து, என்ஜினைத் தூக்கி, ரப்பரையும் கழற்றிய பிறகுதான் முழு வெல்டிங். சூடு பட்டால் ரப்பர் போச்சு. சேஸிஸ் துளைக்குள் குழாய்த் துண்டு செருகினார், போல்ட்டை முறுக்கும்போது சட்டம் நசுங்காமலிருக்க. ரப்பர் நடுவே நீள போல்ட், அகலமான வாஷர். "நாளைக்கு ரப்பரே கிழிஞ்சாலும் என்ஜின் எந்திரிச்சு ஓடாது சார்."

ரோட்டில் ஓட்டும் வண்டியில் என்ஜின் மாற்றுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் உள்ள விவரங்கள், தயாரித்த கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது 1988-ம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. முதலில் ஆர்.டி.ஓ. ஆபீஸ், அப்புறம் பட்டறை. நம்ம வண்டி தோட்டத்தைத் தாண்டாதது. சேலத்துக்கே இன்னொரு லாரியின் முதுகில்தான் வந்தது.

மூன்றாம் நாள் ஸ்டார்ட் செய்தார்கள். மேஸ்திரி டீ டம்ளரை என்ஜின் மூடிமேல் வைத்து, "மிதிங்க" என்றார். டீயில் வட்டம் வட்டமாக அலை. ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இனி பழையபடி ஏத்தலாமா?" என்றார் பெரியவர்.

"மூட்டையை ஏத்துங்க ஐயா. மூட்டை மேல ஆளை ஏத்தாதீங்க."

பெரியவர் டம்ளரை எடுத்து மிச்ச டீயைக் குடித்தார். "கூலிக்காரங்க நடந்து வரமாட்டேங்கிறாங்களே" என்று முனகிக்கொண்டே பர்ஸைத் திறந்தார்.