உப்புக் காற்றில் ஹீட் கன்

ஹீட் கன்னின் பின்புறச் சல்லடை வழியாக உள்ளே இழுக்கப்படும் காற்று, சின்ன விசிறி ஒன்றைக் கடந்து, சிவக்கக் காய்ந்த நிக்ரோம் கம்பிச் சுருளின் மேல் பாய்ந்து, முன்குழல் வழியாக 300 முதல் 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் வெளியே வருகிறது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் 1500 முதல் 2000 வாட் வரை இழுப்பவை. கருவி எந்தக் காற்றைக் குடிக்கிறதோ, அதைப் பொறுத்தே அதன் ஆயுளும் அதைப் பிடித்திருக்கும் கையின் பாதுகாப்பும் அமைகின்றன. விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில் அது குடிப்பது உப்புக் காற்று.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரிக்கு வடக்கே, சாலையை ஒட்டியே உப்புப் பாத்திகள் தொடங்கிவிடும் ஊர் மரக்காணம். ஆண்டின் தொடக்கத்தில் பாத்தி சீர் செய்து தொடங்கும் வேலை, வடகிழக்குப் பருவமழை வரும்வரை நடக்கும். பிறகு அளத்தில் வேலை இல்லை. மோட்டார், குழாய், ஒயர், கருவி எல்லாம் கொட்டகைக்குள் போய்விடும். மழை முடிந்து அவற்றை வெளியே எடுத்துப் பழுது பார்க்கும் நாட்களில்தான் ஹீட் கன்னுக்கு வேலை வருகிறது. மழைக்காலம் முழுக்க ஈரத்தில் கிடந்த கருவியை அப்படியே பிளக்கில் சொருகும் நாட்களும் அவைதான்.

உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும்வரை அது உலர்ந்த தூள். அதைத் தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நண்பகலில் கருவியின் மேல் வெள்ளைத் தூசியாகப் படிந்திருந்தது, இரவிலும் விடியற்காலையிலும் கண்ணுக்குத் தெரியாத ஈரப் படலமாகிறது. அந்தப் படலம் மின்சாரத்தை நன்றாகவே கடத்தும். சல்லடை வழியாக உள்ளே போன உப்பு, கம்பிச் சுருளைத் தாங்கும் மைக்கா தகடுகளின் மேலும், மோட்டார் பிரஷ்களின் மேலும், முனைத் திருகுகளின் மேலும் படிகிறது. திருகு துருப்பிடிப்பது வெளியே தெரிந்துவிடும். மைக்காவின் மேல் மின்கசிவுக்கு வழி உண்டாவது தெரியாது.

பல ஹீட் கன்களின் உடலில் ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் வரையப்பட்டிருக்கும். இரட்டைக் காப்பு உடையது என்பது அதன் பொருள். அத்தகைய கருவிக்கு எர்த் ஒயர் கிடையாது. பிளாஸ்டிக் உடலையும் உள்காப்பையும் நம்பியே அது செய்யப்படுகிறது. உலர்ந்த பட்டறையில் அந்த நம்பிக்கை நியாயமானது. உப்புநீர் உள்ளே புகுந்த கருவியில் இரண்டு காப்புகளும் சேர்ந்தே தோற்கக்கூடும். பிடித்திருப்பவர் பாத்தி வரப்பில் ஈரக் காலோடு நின்றால் நிலைமை இன்னும் மோசம். உலர்ந்த தோல் மின்சாரத்தை ஓரளவு தடுக்கும். நாள் முழுக்க உப்புநீரில் ஊறி வெடித்த பாதத்தில் அந்தத் தடுப்பு மிகக் குறைவு.

இந்த இடத்தில் பலரும் பியூஸை நம்புகிறார்கள். பியூஸும் எம்.சி.பி.யும் ஒயர் எரியாமல் காப்பதற்கானவை. மனிதரைக் காப்பது அவற்றின் வேலையில் சேராது. 2000 வாட் கருவி 230 வோல்ட்டில் ஏறத்தாழ 8.7 ஆம்பியர் இழுக்கிறது. மனிதரின் இதயத் துடிப்பைக் குலைக்க அதில் நூறில் ஒரு பங்கு, அதாவது 100 மில்லி ஆம்பியருக்கும் குறைவான மின்சாரமே போதும். அவ்வளவு சின்னக் கசிவு எந்தப் பியூஸுக்கும் உறைக்காது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்ற கருவிதான் அதைக் கண்டுபிடிக்கும். அளத்துக் கொட்டகைக்கு ஒரே ஒரு பாதுகாப்புச் சாதனம்தான் வாங்க முடியும் என்றால், வாங்க வேண்டியது இதுதான். அதன் முகப்பில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியதும் விழாத ஆர்.சி.சி.பி. இருந்தும் இல்லாததே.

8.7 ஆம்பியரை 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகக் கூடாது என்பது கணக்கிலேயே தெரியும். ஆனாலும் வீட்டில் டிவிக்கு வாங்கிய எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்தான் அளத்துக்கும் வந்து சேர்கிறது. ஹீட் கன்னுக்கு 16 ஆம்பியர் பவர் பிளக் வேண்டும். நீண்ட தூரம் இழுக்கும் ஒயர் 2.5 சதுர மில்லிமீட்டர் குறுக்குப்பரப்பு உள்ளதாக இருக்க வேண்டும். சுருட்டி வைத்த ஒயரை முழுவதும் பிரித்துவிட்டே பயன்படுத்த வேண்டும்; சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் காப்பு இளகிவிடும். ஒயரின் இணைப்புகளை வரப்பில் கிடக்கவிடாமல் மரக் கழிகளில் உயர்த்திக் கட்டுவது நல்லது.

இக்கரையில் ஹீட் கன்னின் உண்மையான பயன் மோட்டார் ஒயர் ஜாயின்ட்டில்தான் இருக்கிறது. உப்புநீர் ஏற்றும் மோட்டாரின் கேபிளை முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றினால், பசை உலர்ந்து டேப் விரியும். உள்ளே உப்புநீர் ஏறும். செம்பு பச்சை பூக்கும். மாற்று வழி, சூட்டில் சுருங்கி ஒயரை இறுகக் கவ்வும் ஸ்லீவ். சாதாரண ஸ்லீவ் இங்கே போதாது. உட்புறம் பசை பூசப்பட்ட, மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கக்கூடிய வகையைக் கேட்டு வாங்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் மெயின் சுவிட்சை அணைத்து, பியூஸ் கேரியரைக் கழற்றி, வேலை செய்பவரே சட்டைப் பையில் வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அதைவிட நல்ல வழக்கம் இன்னும் வரவில்லை. ஒயரின் மேலுள்ள உப்பை நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்த வேண்டும். ஸ்பிரிட் போட்டுத் துடைத்தால் அது முழுவதும் ஆவியாகும்வரை ஹீட் கன்னைக் கிட்டே கொண்டுவரக் கூடாது. இணைப்பதற்கு முன்பே ஸ்லீவை ஒயரில் கோத்துவிட வேண்டும். இதை மறந்து, அழகாகப் போட்ட ஜாயின்ட்டை மறுபடி வெட்டாத ஆள் இந்தத் தொழிலில் அரிது. மூன்று ஒயர்களின் ஜாயின்ட்டும் ஒரே இடத்தில் அமையாமல் முன்னும் பின்னுமாக இருக்க வேண்டும்.

ஸ்லீவ் சுருங்க 120 டிகிரி அளவே போதும். ஆகவே கருவியைக் குறைந்த சூட்டில் வைத்து, நான்கைந்து விரற்கடை தள்ளிப் பிடித்து, நடுவில் தொடங்கி இரு முனைகளை நோக்கியும் சுற்றிச் சுற்றிக் காட்ட வேண்டும். முனையில் தொடங்கினால் உள்ளே காற்று சிறைப்படும். ஸ்லீவ் மினுமினுப்பாகி ஒயரின் வடிவத்தைக் காட்டும். பிறகு இரண்டு முனைகளிலும் பசை மெல்லிய வளையமாகப் பிதுங்கி வரும். அந்த வளையம் முழு வட்டமாக வந்தால் ஜாயின்ட் அடைபட்டது என்று அர்த்தம். தானாக ஆறும்வரை அதை அசைக்கவோ தண்ணீரில் போடவோ கூடாது. லைட்டர் கொண்டு இதைச் செய்பவர்கள் உண்டு. ஒரு பக்கம் கருகி மறுபக்கம் சுருங்காமல் நிற்கும் அந்த ஸ்லீவ், டேப்பைவிட மேல் என்று சொல்வதற்கில்லை.

பி.வி.சி. குழாயின் முனையைத் தீயில் வாட்டி விரித்து, இன்னொரு குழாயைச் சொருகுவது ஊர்தோறும் உள்ள பழக்கம். பி.வி.சி. 80 டிகிரியைத் தாண்டியதுமே இளகத் தொடங்கும். ஹீட் கன்னின் குறைந்த சூடுகூட அதற்கு அதிகம். ஆகவே தள்ளிப் பிடித்துக் குழாயைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குழாய் பழுப்பேறினால் அது சிதையத் தொடங்கிவிட்டது. வெளியேறும் ஹைட்ரஜன் குளோரைடு வாயு, கண்ணிலும் தொண்டையிலும் உள்ள ஈரத்தோடு சேர்ந்து அமிலமாகிறது. காற்று வரும் பக்கமாக நின்று வேலை செய்வது அதனால்தான். குழாய் ஒட்டும் சொலூஷனின் ஆவி தீப்பற்றக்கூடியது. சூடு முதலில், ஆறியபின் பசை என்ற வரிசை மாறக் கூடாது.

படகுக் கரையில் இந்தக் கருவிக்கு வேலை குறைவு. பைபர் படகின் மேல்பூச்சும் பிசினும் 100 டிகிரிக்குள்ளேயே இளகிக் கொப்பளிக்கும். அதில் பெயிண்ட்டைச் சுரண்ட ஹீட் கன் ஏற்றதில்லை. பைபர் ஒட்டும் இடத்திலுள்ள அசிட்டோன், பெட்ரோல் கேன் இரண்டின் அருகிலும் இதை ஆன் செய்யவே கூடாது. பழைய மரக் கதவு, சன்னல்களின் பெயிண்ட்டில் ஈயம் இருக்கலாம். இந்தியாவில் பெயிண்ட்டில் ஈயத்தை 90 பி.பி.எம். அளவுக்குக் கட்டுப்படுத்திய விதிகள் 2016இல்தான் வந்தன. 600 டிகிரியை நெருங்கினால் ஈயம் புகையாகக் கிளம்பும். கீழே விழும் சுரண்டல் குழந்தைகளின் கைக்கும் வாய்க்கும் போகும்.

உப்பளத்து வெயிலில் இன்னொரு ஏமாற்று உண்டு. வெள்ளைக் குவியல்களின் கூசும் ஒளியில், சூடேறிய குழல் முனையின் மங்கிய சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சுவிட்சை அணைத்துச் சில நிமிடம் ஆன பின்னும் அது கையைச் சுடும் அளவுக்குக் காய்ந்திருக்கும். உப்பு மூட்டை கட்டும் பிளாஸ்டிக் சாக்கு 160 டிகிரி அளவில் உருகும். காய்ந்த கீற்றுக் கொட்டகைக்கு ஒரு பொறியும் கடற்காற்றும் போதும். அணைக்கும் முன் குளிர்காற்று நிலையில் ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, முனை மேல்நோக்கி இருக்கும்படி செங்கல்லின் மேல் நிறுத்த வேண்டும். தோல் கையுறை நல்லது. ஈரமான கையுறை ஆபத்து, அதிலுள்ள நீரே ஆவியாகிச் சுடும். காலில் ரப்பர் பூட்ஸ், உடலில் பருத்திச் சட்டை. நைலான் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

சுட்டுவிட்டால் அளத்தில் கைக்கு எட்டும் நீர் உப்புநீர்தான். அதில் காயத்தை நனைக்கக் கூடாது. அது புண்ணிலிருந்து நீரை உறிஞ்சும், வேதனையைக் கூட்டும். குடிப்பதற்கென வைத்திருக்கும் நல்ல தண்ணீரை 20 நிமிடம் தொடர்ந்து ஊற்ற வேண்டும். வேலை நடக்கும் இடத்தில் இதற்கென்றே இரண்டு கேன் தண்ணீர் இருப்பது அவசியம். மோதிரம், வளையலை வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். ஐஸ், பற்பசை, பேனா மை, மஞ்சள் எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குப் போக வேண்டும். மின்சாரம் தாக்கியவரை, சுவிட்சை அணைத்த பிறகே தொட வேண்டும். வெளியே சின்னப் புள்ளிபோலத் தெரியும் மின்காயம் உள்ளே தசையையும் இதயத்தையும் பாதித்திருக்கலாம். 108ஐ அழைத்து, மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

மருத்துவமனையில் ‘வேலை செய்யும்போது நடந்தது’ என்று சொல்லி விபத்துப் பதிவேட்டில் எழுதச் செய்வது, சிகிச்சைக்கு அடுத்தபடி முக்கியம். ‘ஏ.ஆர். காப்பி’ என்று ஊரில் சொல்லப்படும் அந்தத் தாள்தான் பின்னால் இழப்பீட்டுக்கு முதல் சான்று. முதலாளிக்குச் சங்கடம் வேண்டாமென்று ‘வீட்டில் சுட்டுக்கொண்டேன்’ எனச் சொல்லிவிடும் தொழிலாளி, தன் வழக்கைத் தானே முடித்துவிடுகிறார்.

பணியின் காரணமாகப் பணியின்போது நேரும் காயத்துக்கு முதலாளி இழப்பீடு தர வேண்டும் என்பது 1923ஆம் ஆண்டுச் சட்டம் முதலே உள்ள உரிமை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2020இன் ஏழாம் அத்தியாயத்தில் அது இப்போது இடம்பெற்றுள்ளது. மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற்போனால் இந்த உரிமை எழும். கோரிக்கையை இரண்டு ஆண்டுக்குள் வைக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் அழைத்துவந்த ஆளாக இருந்தாலும் வேலையை வாங்கும் முதன்மை முதலாளி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஆனால் பாதுகாப்புச் சாதனத்தைத் தொழிலாளியே வேண்டுமென்று கழற்றியிருந்தாலோ, போதையில் இருந்திருந்தாலோ, உயிரிழப்போ முழுநிரந்தர ஊனமோ அல்லாத காயத்துக்கு இழப்பீட்டை மறுக்கச் சட்டம் இடம் தருகிறது. கூலிச் சீட்டு இல்லாத இடத்தில் கைப்பேசி வழியாக வந்த கூலிப் பணத்தின் பதிவும் உடன் வேலை செய்தவர்களின் சாட்சியமும் உதவும். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களில், பாதுகாப்புப் பொருள்களுக்கென்று கூலியில் பிடித்தம் செய்வதைப் பணிப் பாதுகாப்புத் தொகுப்பு என்ற இன்னொரு சட்டம் தடுக்கிறது. கையுறைக்குக் காசு பிடித்தால் அது முறைகேடு.

யாரிடமும் கூலிக்கு இல்லாமல் சொந்தமாகத் தொழில் செய்யும் எலக்ட்ரீஷியன், பிளம்பர், பெயிண்டர்களுக்கு முதலாளி இல்லை. ஆகவே இந்த இழப்பீடும் இல்லை. அவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நலவாரியத்தில் பதிவு செய்துகொள்ளலாம். ஆண்டுக்கு 20 ரூபாய் பிரீமியத்தில் வங்கிக் கணக்கு வழியாகக் கிடைக்கும் பிரதமர் விபத்துக் காப்பீடு, இறப்புக்கு 2 லட்சம் தருகிறது. ஆறிவிடும் தீப்புண்ணுக்கு ஒன்றும் தராது.

கருவியே பழுதானதாக இருந்தால் வழி வேறு. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளால் நேர்ந்த தீங்குக்கு உற்பத்தியாளர், விற்பனையாளர் இருவரையும் பொறுப்பாக்குகிறது. பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியவரும் நுகர்வோர்தான். ‘தொழிலுக்கு வாங்கினாய்’ என்று தட்டிக்கழிக்க முடியாது. ‘உப்புக்காற்று பட்டதால் வாரண்டி இல்லை’ என்ற பதில் வரும்போது கையேட்டைப் பார்க்க வேண்டும். ஈரமான இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்று அதில் தெளிவாக எழுதியிருந்தால் வாங்கியவரின் பக்கம் பலவீனம். சரியான பயன்பாட்டுக்குப் போதிய எச்சரிக்கை தராமல் விற்றிருந்தால் அதுவே உற்பத்தியாளர் மேல் புகாருக்குக் காரணம். எனவே இந்தக் கரையில் ஹீட் கன் வாங்குபவர் கையேட்டைக் கடையிலேயே பிரித்துப் படிப்பது வீண்வேலை ஆகாது.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். தீராவிட்டால் விழுப்புரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுக்குள் அணுகலாம். ஆன்லைனில் எங்கிருந்து வாங்கியிருந்தாலும், வாங்கியவர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட முடியும். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் கட்டாயமும் இல்லை. பில்லும், அட்டைப்பெட்டியில் உள்ள வரிசை எண்ணும், கருகிய பிளக்கின் படமும் வேண்டும். கருவியை யாரிடமும் பிரித்துப் பழுது பார்க்கக் கொடுக்காமல், உலர்ந்த பாலிதீன் பையில் கட்டி வைக்க வேண்டும். குறை பரிசோதனையில்தான் தெரியும் என்றால் ஆணையம் அதை ஆய்வகத்துக்கு அனுப்பும். உள்ளே கழற்றித் துடைத்த கருவியில் ஆய்வகம் பார்க்க எதுவும் மிஞ்சாது.