கோசி சுமந்துவரும் மணல்

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாளத்தின் குசகா என்ற ஊருக்கருகே கோசி ஆற்றின் கிழக்குக் கரை உடைப்பெடுத்தது. அப்போது ஆற்றில் வினாடிக்குச் சுமார் 1.44 லட்சம் கன அடி தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கரையோ 9.5 லட்சம் கன அடி வெள்ளத்தைத் தாங்கும் கணக்கில் கட்டப்பட்டது. ஆறில் ஒரு பங்குகூட இல்லாத வெள்ளத்துக்கு ஒரு கரை ஏன் உடைய வேண்டும்? பராமரிப்பில் கோட்டைவிட்டார்கள், கரையைக் காக்க ஆற்றுக்குள் நீட்டிக் கட்டியிருந்த தடுப்புகள் அரித்துப்போனதைக் கண்டும் வேலை வேகமாக நடக்கவில்லை என்று பல குற்றச்சாட்டுகள் எழுந்தன. அவற்றில் உண்மை உண்டு. ஆனால் அவை மட்டும் காரணமாக இருந்தால், 1963இலிருந்து அந்தக் கரைகள் திரும்பத் திரும்ப உடைந்துகொண்டிருப்பதற்கு விளக்கம் கிடைக்காது. விளக்கம் ஆற்றின் அடியில் இருக்கிறது.

எவரெஸ்ட், மகாலு, கஞ்சன்ஜங்கா சிகரங்களின் பனியும் மழையும் சேர்ந்து இறங்கும் ஆறு கோசி. திபெத்திலிருந்து மலையை அறுத்துக்கொண்டு வரும் அருண், மேற்கிலிருந்து வரும் சுன்கோசி, கிழக்கிலிருந்து வரும் தமுர் மூன்றும் நேபாள மலைகளுக்குள் கூடி, சத்ரா என்ற இடத்தில் சமவெளிக்குள் நுழைகின்றன. இமயமலை வயதில் இளையது, இன்னும் உயர்ந்துகொண்டிருப்பது. அதன் சரிவுகள் ஒவ்வொரு பருவமழையிலும் சரிகின்றன. நிலநடுக்கம் வந்தால் மொத்தமாகப் பெயர்கின்றன. அப்படி விழுந்த பாறையும் மண்ணும் பொடிந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ 10 கோடி டன் அளவில் இந்த ஆற்றோடு வருகின்றன.

தண்ணீருக்கு வேகம் இருக்கும்வரைதான் சுமை தூக்கும் வலு. மலைக்குள் செங்குத்தாகப் பாய்ந்து வந்த கோசி, சத்ராவைத் தாண்டியதும் தட்டையான நிலத்தில் கால் வைக்கிறது. வேகம் சட்டென்று குறைகிறது. முதலில் கூழாங்கற்கள் தங்கிவிடும், அடுத்து பெருமணல், இன்னும் கீழே நுண்மணல், கடைசியில் வண்டல். வருடா வருடம் இப்படிப் படிந்தால் ஆற்றுப் படுகை உயரும். உயர்ந்து உயர்ந்து, பக்கத்து நிலத்தைவிட ஆறு மேட்டில் ஓடத் தொடங்கும். அப்புறம் ஒரு வெள்ளத்தில் அது பள்ளமான பக்கத்தைத் தேடிப் புதுத்தடம் பிடிக்கும். அங்கேயும் மணலைக் கொட்டி மேடாக்கிவிட்டு மறுபடி நகரும். இந்த இடமாற்றங்கள் எல்லாம் சேர்ந்து உருவாக்கியதுதான் வடக்கு பீகாரில் 150 கிலோமீட்டர் நீளத்தையும் தாண்டி விரிந்து கிடக்கும் கோசியின் வண்டல் விசிறி. உலகின் மிகப் பெரிய ஆற்று வண்டல் விசிறிகளுள் ஒன்று அது. 18ஆம் நூற்றாண்டில் பூர்ணியா நகரையொட்டி ஓடிய ஆறு, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அதற்கு மேற்கே 100 கிலோமீட்டருக்கும் அப்பால் ஓடியது. விட்டுச்சென்ற பழைய தடங்களை அந்தப் பகுதி மக்கள் ‘தார்’ என்கிறார்கள். ஒவ்வொரு தாருக்கும் பெயர் உண்டு.

ஆறு நகரும் என்று தெரிந்தே மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். மூங்கிலும் நாணலும் கொண்டு கட்டிய வீடு, வாசலில் ஒரு படகு. வெள்ளம் அகலமாகப் பரவியதால் ஆழம் குறைவாக இருந்தது. வடிந்தபின் படிந்த மெல்லிய வண்டலில் அடுத்த போகம் நன்றாக விளைந்தது. அதற்காக அந்தக் காலம் சொர்க்கமாக இருந்தது என்று சொல்லிவிட முடியாது. ஆறு பெருமணலைக் கொட்டிய வயல் பல ஆண்டுகளுக்குத் தரிசுதான். தேங்கிய நீரில் மலேரியா பரவியது, காலா அசார் காய்ச்சல் குடும்பங்களை அழித்தது. கரை வேண்டும் என்று அந்த மக்களே கேட்டார்கள். இந்த விவாதத்தில் எந்தப் பக்கம் நின்று பேசினாலும் இதை மறந்துவிடக் கூடாது.

விவாதம் பழையது. 1937 நவம்பரில் பாட்னாவில் கூடிய வெள்ள மாநாட்டில், பீகாரின் தலைமைப் பொறியாளர் கேப்டன் ஹால் கரைகள் கட்டுவதை வெளிப்படையாக எதிர்த்தார். வெள்ளம் பரவுவது நிலத்துக்கு நல்லது, கரைகள்தான் வெள்ளத்தைப் பேரழிவாக மாற்றுகின்றன என்பது அவர் வாதம். அரசின் தலைமைப் பொறியாளரே இப்படிப் பேசியதை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. 1947 ஏப்ரலில் நிர்மலியில் நடந்த பெரிய கூட்டத்தில் வேறொரு தீர்வு முன்வைக்கப்பட்டது: நேபாள மலையில் பராகக்ஷேத்ரம் அருகே ஓர் உயர அணை. செலவு மிரட்டியதால் அது தள்ளிப்போனது. 1953இல் பெருவெள்ளம் வந்தது. பிரதமர் நேரு நேரில் வந்து பார்த்தார். உடனே ஏதாவது செய்தாக வேண்டிய நிலை. 1954இல் கன்வர் செயின், கே. எல். ராவ் என்ற இரண்டு மூத்த பொறியாளர்கள் சீனாவுக்குப் போய் மஞ்சள் ஆற்றின் கரைகளைப் பார்த்துவிட்டு வந்து, கோசிக்கும் கரை கட்டலாம் என்றார்கள். மஞ்சள் ஆறும் மண் சுமக்கும் ஆறுதான். அதன் கரைகள் வரலாறு நெடுக ஆயிரம் தடவைக்கு மேல் உடைந்திருக்கின்றன. அந்தப் பக்கம் பேச்சுக்கு வந்ததாகத் தெரியவில்லை. 1954 ஏப்ரல் 25இல் நேபாளத்தோடு ஒப்பந்தம் ஆனது. 1955 ஜனவரியில் வேலை தொடங்கியது. ஊர் மக்களும் சிரமதானமாக மண் சுமந்தார்கள். ஆற்றின் குறுக்கே 56 மதகுகள் கொண்ட கதவணையும் 1963க்குள் எழுந்தது.

150 கிலோமீட்டர் அகலத்தில் பரவிய மணல், இனி ஏறத்தாழ 10 கிலோமீட்டர் அகல இடைவெளிக்குள் விழ வேண்டும். கரையின் மேல் நிற்பவர் இரண்டு பக்கமும் பார்த்தால் விளைவு கண்ணுக்கே தெரியும். உள்பக்கம் மணல் திட்டுகளும் அவற்றுக்கிடையே பிரிந்து ஓடும் ஆறும். வெளிப்பக்கம் நெல் வயலும் வீடுகளும், ஆற்றின் படுகையைவிடச் சில மீட்டர் தாழ்வாக. கரைக்கு வெளியே பெய்யும் மழைநீர் ஆற்றில் வடிய வழியில்லை. அதற்கென வைத்த மதகுகள் பல மணல் மூடி அடைபட்டுப்போயின. வெள்ளத்திலிருந்து காப்பாற்றப்பட்ட ஊர்களில் மாதக்கணக்கில் தண்ணீர் தேங்கி நிற்பது இப்படித்தான்.

2008இல் கரை உடைந்த குசகா, இந்தக் கதவணைக்கு மேல்பக்கம் சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. கதவணை தண்ணீரைத் தேக்கும்போது மேல்பக்கம் ஓட்டம் தளர்ந்து இன்னும் கூடுதலாக மணல் படியும். அங்கே மேடு ஏறியதால் ஆறு கிழக்குக் கரையோரம் ஒதுங்கி, நாள்கணக்கில் கரையின் அடியைத் தின்றது. கரை உடைந்ததற்குத் தண்ணீரின் அளவு காரணமில்லை என்பது இங்கே புரியும். 9.5 லட்சம் கன அடி என்ற கணக்கு கரையின் உயரத்துக்குப் பொருந்தும். கரையின் காலடியை அரிக்கும் ஆற்றுக்குப் பொருந்தாது.

உடைப்பு வழியே ஆறு ஏறத்தாழ மொத்தமாக வெளியேறி, 120 கிலோமீட்டர் வரை கிழக்கே தள்ளி, சுர்சர், மிர்ச்சையா முதலிய தார்களில் இறங்கியது. 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். சுபௌல், மதேபுரா, அராரியா மாவட்டங்களில் தண்ணீர் புகுந்த பல ஊர்கள் அரை நூற்றாண்டாகக் கோசி வெள்ளத்தைப் பார்த்ததே இல்லை. அங்கே படகு இல்லை. வெள்ளத்தோடு வாழும் பழக்கமும் ஒரு தலைமுறைக்கு முன்பே விட்டுப்போயிருந்தது. 2009 ஜனவரியில் உடைப்பை அடைத்து, ஆற்றைப் பழைய கரைகளுக்கிடையே, அதே மேடேறிய படுகைக்கே திருப்பினார்கள்.

கரைகளுக்கு உள்ளேயும் மக்கள் இருக்கிறார்கள். இது வடக்கு பீகாருக்கு வெளியே பலருக்குத் தெரியாத செய்தி. கரை கட்டியபோது இந்தியப் பகுதியில் மட்டும் 300க்கும் மேற்பட்ட கிராமங்கள் இரு கரைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டன. கரை எந்த வழியாகப் போக வேண்டும் என்பதில்தான் அன்று பெரிய சண்டையே நடந்தது. எல்லோருக்கும் தம் ஊர் வெளியே இருக்க வேண்டும். உள்ளே சிக்கியவர்களுக்கு வெளியே வீட்டுமனை தந்தார்கள், விளைநிலம் தரவில்லை. மனை தந்த இடங்களில் பலவற்றில் தண்ணீர் தேங்கியது. பிழைப்பு உள்ளே இருக்கும்போது மனிதர் வெளியே எப்படி இருப்பார்கள்? திரும்பிப் போனார்கள். இன்று பல லட்சம் பேர் அங்கே ஒவ்வொரு மழைக்காலத்திலும் திட்டு மாறித் திட்டு குடியேறி வாழ்கிறார்கள். ஒரு மாநிலத்தைக் காக்க எடுத்த முடிவின் விலையை இவர்கள் 60 ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எந்தச் செலவுக் கணக்கிலும் இது சேர்க்கப்படாததை என்னால் ஏற்க முடியவில்லை.

பீகாரில் 1950களின் தொடக்கத்தில் 160 கிலோமீட்டராக இருந்த கரைகளின் நீளம் பிறகு 3,000 கிலோமீட்டரைத் தாண்டியது. வெள்ள அபாயப் பகுதி என்று அரசு கணக்கிட்ட பரப்பு, அதே காலத்தில் 25 லட்சம் எக்டேரிலிருந்து சுமார் 69 லட்சம் எக்டேராக வளர்ந்தது. பொறியாளர் தினேஷ் குமார் மிஸ்ரா பல ஆண்டுகளாக இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துக் காட்டி வருகிறார். இவ்வளவையும் கரைகளின் தலையில் கட்ட முடியாது. கணக்கெடுப்பு மேம்பட்டிருக்கலாம், கோசி அல்லாத ஆறுகளும் இதில் உண்டு. கரைகளுக்குப் பின்னால்தான் வாய்க்கால்களும் ரயில்பாதைகளும் நகரங்களும் வளர்ந்தன என்று நீர்வளத் துறையினர் சொல்வதும் பொய்யில்லை. ஆனாலும் அந்த இரண்டு எண்களும் சேர்ந்து ஏறியிருப்பது எந்தப் பொறியாளரையும் உறுத்த வேண்டும்.

உயர அணைத் திட்டம் இன்னும் சாகவில்லை. அதன் விரிவான அறிக்கைக்காக 2004இல் இந்தியாவும் நேபாளமும் கூட்டு அலுவலகம் திறந்தன. நிலம் மூழ்குவது நேபாளத்தில். நிலநடுக்க மண்டலம் வேறு. மணலோ அணைக்குப் பின்னால் சேரும். சேரச் சேர அணையின் கொள்ளளவு சுருங்கும். இன்னொரு பக்கம், கோசியின் நீரை மேச்சி ஆறு வரை கொண்டுபோகும் கால்வாய்க்கு 2025 மார்ச்சில் ஒன்றிய அமைச்சரவை 6,282 கோடி ரூபாயில் ஒப்புதல் தந்தது. பாசனத்துக்கு அது உதவும். வெள்ளத்துக்கும் தீர்வு என்று சொல்லப்படும்போதுதான் கணக்கு இடிக்கிறது. கால்வாய் கூடுதலாக எடுப்பது வினாடிக்கு 5,247 கன அடி. 2024 செப்டம்பர் இறுதியில் கதவணையிலிருந்து திறக்கப்பட்டது 6.61 லட்சம் கன அடி. நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. அந்த வெள்ளத்தில் தர்பங்கா மாவட்டத்தில் மேற்குக் கரை உடைந்தது.

மழைக்காலத்தில் கதவணையிலிருந்து எத்தனை கன அடி என்பது அன்றன்றைக்குச் செய்தியாகிறது. அதோடு எத்தனை டன் மணல் வந்தது, அதில் எவ்வளவு கரைகளுக்குள்ளேயே தங்கிவிட்டது, எந்த இடத்தில் படுகை எத்தனை அடி ஏறியது என்பதும் ஆண்டுதோறும் அளந்து பீகார் மக்கள் முன் வைக்கப்பட வேண்டும். அடுத்த உடைப்பு எங்கே என்பதற்கு அதைவிட நல்ல முன்னறிவிப்பு இல்லை. மூடிக் கிடக்கும் தார்களில் எவை வெள்ளத்தையும் வண்டலையும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து வாங்கிக்கொள்ளும், அவற்றின் குறுக்கே போகும் சாலைகளிலும் ரயில்பாதைகளிலும் எங்கெங்கே பாலத்தை அகலப்படுத்த வேண்டும் என்று ஆராய்வதற்கு உயர அணைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. அந்தத் தார்களைச் சுற்றி இன்று வயல்களும் வீடுகளும் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களைக் கேட்காமல் இதையும் செய்ய முடியாது.